ஆடியில்தான் போவோம்

ஆனி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை, குற்றாலம் போகும் பஸ் நெய்வேலி நகரியத்திலிருந்து கிளம்பியது. முந்தின இரவே கிளம்பியிருக்க வேண்டியது. வண்டியில் ஏதோ மக்கர் என்று டிரைவர் கையை விரித்துவிட்டதால், மூட்டை கட்டியிருந்த குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் வீட்டுக்குத் திரும்பித் தூங்கி, விடிந்ததும் மறுபடி பைகளைத் தூக்கிக்கொண்டு பிளாக் மூலையில் வந்து கூடின. அங்கேயே நின்று இட்லி சாப்பிட்டார்கள். காபி குடித்தார்கள். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகள் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். தெருக் கூட்டும் ஆறு பெண்களும் வேலைக்கு வந்து சேர்ந்தபோது வாகை மரத்தடி முழுக்கக் காகிதத் தட்டும் கப்புமாகக் கிடந்தது.

சகாயமேரி ஒரு சாக்கை விரித்துக்கொண்டு தட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சேலைமேல் மாட்டிய ஆம்பளைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, கையில் நீளக் காம்பு வைத்த விளக்குமாறு. அந்த பிளாக்கின் தெருக்கள் பல வருஷமாக அவள் கையில்தான் இருக்கின்றன. காண்ட்ராக்ட் வேலை. காண்ட்ராக்டர்கள் வருவார்கள், போவார்கள். கூட்டுகிற பெண்கள் அப்படியே இருப்பார்கள்.

பஸ் உறுமத் தொடங்கியபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தலையை நீட்டினார். அவர் வீட்டு வாசலைக் கூட்டுவதும் மேரிதான். நல்ல மனுஷி. காய்த்தால் முருங்கைக்காய் கொடுப்பவர்.

"மேரி, வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிட்டு வரேன், சரியா?"

"சிப்ஸு மந்தாரக்குப்பத்துலயே கெடைக்குதும்மா. தண்ணி எப்படி இருந்துதுன்னு வந்து சொல்லுங்க, போதும்."

அந்த அம்மாள் சிரித்தார். "தண்ணியப் போய் எப்படிச் சொல்றது? அடியில போய் நின்னாதான் தெரியும்."

அவர் எந்தக் குத்தலும் இல்லாமல்தான் சொன்னார். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. மேரி சாக்கைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தெருவின் நடுவில் நின்றாள். பக்கத்துத் தெருவில் இலை கூட்டிக்கொண்டிருந்த முனவராவைக் கூப்பிட்டாள். பிறகு தனகோடியை. செல்லக்கிளியும் கங்கைகொண்டானிலிருந்து வரும் அக்கா தங்கச்சி இரண்டு பேரும் என்னவோ ஏதோ என்று தாங்களாகவே ஓடி வந்தார்கள்.

இந்த வருஷம் நாமும் போகிறோம், ஆறு பேரும் ஒரே வேனில், என்றாள் மேரி. அடியில் போய் நின்றால்தான் தெரியுமாம். நின்று பார்த்துவிடுவோம்.

மேரி குற்றாலத்தைப் பார்க்காதவள் இல்லை. கல்யாணமான வருஷம் புருஷன் பவுல்ராஜ் கூட்டிப் போயிருக்கிறான். நல்ல மழை பெய்யும்போது போனால்தான் அருவி நன்றாக விழும் என்று கணக்குப் போட்டுக் கார்த்திகை மாதத்தில் கூட்டிப் போனான். கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அது தவிர வேறு மழை இருக்கிறது, அது ஆனியிலும் ஆடியிலும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அவனுக்கு எங்கே தெரியும்? போய் இறங்கினால் வெள்ளம். அருவி காவி நிறத்தில், மரக்கிளைகளையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது. குறுக்கே கயிறு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். புதுப்புடவை நனையாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஒரு புட்டி எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். "குத்தாலம் போனியாமே, குளிச்சியா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் பவுல்ராஜ்தான் முந்திக்கொண்டு "பயங்கரமான தண்ணி" என்று பதில் சொன்னான். அது பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள், ஷிப்ட், கடன், மாமனார் படுக்கை என்று ஒவ்வொரு சீசனும் கையை விட்டுப் போனது.

ஆகவே எந்த மாதம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆடி. எந்த நாள் என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

டீ குடிக்கிற நேரத்தில் ஆறு பேரும் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். ஆடிச் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. செல்லக்கிளி வீட்டுத் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், அவள்தான் பானை கிளற வேண்டும். முதல் வாரம் வேண்டாம் என்றாள் முனவரா. அந்த வருஷம் மொஹரம் நோன்பு அதில் வந்தது. ஆடி அமாவாசையன்று அருவிக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது, அத்தனை கூட்டம் என்று வேன் டிரைவர் ஃபெலிக்ஸ் சொல்லிவிட்டான். சனி, ஞாயிறும் அப்படித்தான். தலையை நீட்டுவதற்குள் விசில் ஊதி நகரச் சொல்லிவிடுவார்களாம். இத்தனைக்கும் மேலே ஆறு பெண்களில் ஒருத்திக்கும் மாதவிலக்கு வராத தேதி ஒன்று வேண்டும். அந்தப் பொறுப்பைச் செல்லக்கிளி ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காதில் கேட்டு, விரல் விட்டு எண்ணி, தப்பாக எண்ணி, மறுபடி எண்ணினாள். முனவராவிடம் வந்தபோது அவள், "என்னைய வுடுடி, எனக்கு அதெல்லாம் நின்னு போயி வருஷமாச்சு. நான் எப்ப வேணா நனைவேன்" என்றாள். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைசியில் இரண்டாம் வாரத்துப் புதனும் வியாழனும் தேறின. செவ்வாய் வேலை முடிந்து இரவு கிளம்பினால் புதன் விடியலில் அங்கே. வியாழன் இரவு அங்கிருந்து புறப்பட்டால் வெள்ளி காலை இங்கே. பார்த்துப் பார்த்துச் செதுக்கிய தேதி. அதில் இல்லாதது ஒன்றுதான். லீவு.

சூப்பர்வைசர் வேணு, மேரியைவிடப் பத்து வயசு இளையவன். மோட்டார் சைக்கிளில் வந்து ஆட்களை எண்ணிவிட்டுப் போவான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காண்ட்ராக்டர் சத்தம் போட்டால் அதே சத்தத்தை இங்கே வந்து போடுவான், அவ்வளவுதான். மேரி விஷயத்தைச் சொன்னபோது அவன் வண்டியை நிறுத்தாமலே சிரித்தான். பிறகு அவள் விளையாடவில்லை என்று தெரிந்து வண்டியை அணைத்தான்.

"ஆடியிலயா? ஏங்க்கா, ஆடியில இங்க எப்படி எல கொட்டும்னு உங்களுக்கே தெரியாதா?"

தெரியும். அங்கே சாரலைக் கொண்டுவருகிற அதே காற்றுதான் மலையைத் தாண்டிக் காய்ந்துபோய் வந்து, நெய்வேலியின் வரிசை மரங்களை உலுக்குகிறது. பாதாம் இலை பெரியது, ஒரே இழுப்பில் வந்துவிடும். வாகை இலைதான் உயிரை எடுக்கும். பொடிப்பொடியாகத் தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு, கூட்டக் கூட்டப் பின்னாலேயே விழும். அருவி நிறைந்து விழுகிற நாட்களும் தெரு நிறைந்து கிடக்கிற நாட்களும் ஒன்றேதான். இதற்கு யார் என்ன செய்வது?

வேணு தன்னால் ஆன வழிகளையெல்லாம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போய்வரலாமே என்றான். போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, திங்கள் காலையில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கச் சொல்கிறாயா என்று கேட்டாள் மேரி. சரி, ஐப்பசியில் போங்கள், அப்போது இவ்வளவு இலை கொட்டாது, வேலை கம்மி, நானே பார்த்து அனுப்புகிறேன் என்றான். மேரி அவனுக்குக் கார்த்திகைக் கதையைச் சொன்னாள். கயிற்றையும் விசிலையும் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடைசி வழியைச் சொன்னான். ஒரு நாளைக்கு ஒருவராகப் போய்வருவது. மற்ற ஐந்து பேர் சமாளித்துக்கொள்வது.

"வேணு, நீ அருவியில குளிச்சிருக்கியா?" என்றாள் மேரி.

"இல்லக்கா."

"அதான். ஒண்டியா போறவ பையை யாருகிட்ட குடுத்துட்டு உள்ள போவா? ஈரத்தோட வெளிய வந்தா சுத்தி நாலு பேரு துணி புடிச்சாத்தான் மாத்த முடியும். கை கோத்துகினு நின்னாத்தான் தண்ணி தள்ளாம நிக்கலாம்னு ஃபெலிக்ஸு சொல்றான். ஆம்பளைங்க ஒரு ஜட்டியோட போயி நின்னுட்டு வந்துருவீங்க. பொம்பளைங்க போவணும்னா கூட்டமாத்தான் போவணும்."

வேணு காண்ட்ராக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கேட்டும் சொன்னான். இரண்டு நாள் வராதவர்கள் மூன்றாம் நாளும் வரவேண்டாம் என்பது பதில்.

அந்தப் பதில் வந்த அன்றும் டீ நேரத்தில் பூவரச மரத்தடியில் கூடினார்கள். தனகோடிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு அதே காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் தான் போனால் அது அவன் தலையில் விடியும் என்றாள். அவள் அழவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள். மேரி சரி என்றாள். செல்லக்கிளிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "கவலப்படாத, உனக்கு ஒரு பாட்டில்ல புடிச்சாறோம். வூட்ல சொம்புல ஊத்தி ஊத்திக் குளிச்சுக்க" என்றாள். தனகோடி அன்றைக்கு முழுக்கத் தன் தெருவைத் தனியாகக் கூட்டினாள்.

வீட்டில் பவுல்ராஜ், ஒரு வருஷம் தள்ளிப் போட்டால்தான் என்ன என்று கேட்டான். சுரங்கத்தில் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளுவது அவன் வேலை, அதுவும் காண்ட்ராக்ட். இரண்டு பேருடைய வேலையும் இதுபோலத்தான் என்கிறபோது ஒருத்தியாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா என்பது அவன் நியாயம். மேரி குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுத்தான் தலை நரைத்தது என்றாள். அடுத்த வருஷம் ஆடியில் மட்டும் மரமெல்லாம் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்குமா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனே போய் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும், பயணத்துக்கு நான்கு ஆரஞ்சு மிட்டாயும் வாங்கி வந்தான்.

ஐந்து பேர் போனார்கள்.

ஃபெலிக்ஸின் வேன் விருத்தாசலம் தாண்டும்வரை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். திருச்சிக்குப் பிறகு ஒருத்தர் தோளில் ஒருத்தர் தூங்கினார்கள். ராஜபாளையத்துக்கு அப்பால் விடியும்போது மேரி கண்விழித்துப் பார்த்தால் வலப்பக்கம் முழுக்க மலை, அதன் தலை தெரியாமல் மேகம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் மழை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று படிந்தது. நெய்வேலியில் அந்த நேரத்துக்கே புழுங்கும். இங்கே முனவரா தலையில் போட்டிருந்த துணியை இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தாள்.

ஐந்தருவிக்குத்தான் முதலில் போனார்கள். பெண்கள் பக்கத்தில் கூட்டம் அளவாக இருந்தது. தேதி பார்த்தது வீண்போகவில்லை. பையைக் காவல் காக்க முறை வைத்துக்கொண்டு, முதலில் செல்லக்கிளி உட்கார, மற்ற நான்கு பேரும் கை கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மேரி தண்ணீரைப் பற்றி எத்தனையோ நினைத்து வைத்திருந்தாள். குளிரும் என்று நினைத்தாள். குளிர்ந்தது. அது அடிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. தலையிலும் பிடரியிலும் தோளிலும், கொள்ளைப் பேர் ஒன்றாகக் குத்துவதைப் போல இறங்கியது. மூச்சு வாங்க வாயைத் திறந்தால் வாய்க்குள்ளும் தண்ணீர். கால் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்தாள். முனவராவின் கை விடாமல் பிடித்து நிறுத்தியது. நிமிர்ந்து நின்று, இன்னொரு அடி உள்ளே போனாள். வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து இறுகிப்போன முதுகு அது. அதன்மேல் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் முதலில் வலித்தது, பிறகு மரத்தது, அப்புறம் அங்கே ஒரு முதுகு இருப்பதே மறந்துபோனது.

கொஞ்ச நேரம் கழித்து முனவரா பக்கம் திரும்பிப் பார்த்தாள். முனவரா கத்திக்கொண்டிருந்தாள். வேலையில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவள், கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, வாய் நிறையத் தண்ணீரோடு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அருவிச் சத்தத்தில் ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. உதடு அசைவதை வைத்துப் பார்த்தால் வேணு இருந்தான், காண்ட்ராக்டர் இருந்தார், சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட அவள் கொழுந்தனும் இருந்தான். ஒவ்வொருவரையும் ஆற அமரத் திட்டி முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போனாள். மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்க வாயைத் திறந்து மறுபடி தண்ணீர் குடித்தாள். பிறகு அவளும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

வெளியே வந்தபோது செல்லக்கிளி பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே மேரியின் போன் மினுக்கிக்கொண்டிருந்தது. வேணு பல தடவை கூப்பிட்டிருந்தான். கடைசியாக மெசேஜும் போட்டிருந்தான். காண்ட்ராக்டர் பயங்கரக் கோபத்தில் இருக்கிறார், இப்போதே கிளம்பி நாளைக் காலை வேலைக்கு வந்துவிட்டால் நான் பேசிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார் என்று இருந்தது. மேரி அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். ஈரச் சேலையோடு மூன்று பேரும் இன்னும் நனையாத செல்லக்கிளியும் அவளைச் சுற்றி நின்று கேட்டார்கள். கங்கைகொண்டான் அக்கா மட்டும், இப்போது கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"போயிடலாம்" என்றாள் மேரி. "போவணும்னு நெனைக்கிறவங்க சொல்லுங்க, ஃபெலிக்ஸை பஸ் ஸ்டாண்டுல வுடச் சொல்றேன். தப்பில்ல. நான் நாளைக்கும் நனையப் போறேன்."

ஒருவரும் நகரவில்லை. தங்கச்சி, அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். செல்லக்கிளி தன்னிடம் இருந்த பையை மேரி கையில் திணித்துவிட்டு, "என் முறை" என்று உள்ளே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து பேரும் நேராக வேலைக்கே வந்தார்கள். தலைமுடி காய்ந்திருக்கவில்லை. தெருக்களைப் பார்த்து அவர்களே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். இரண்டு நாள் ஆடிக்காற்று பிளாக்கையே இலையால் மூடியிருந்தது. தனகோடி ஒற்றை ஆளாக, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நடக்கிற அகலத்துக்கு மட்டும் வழி கூட்டி வைத்திருந்தாள். வேறு ஆள் போடுவேன் என்ற காண்ட்ராக்டருக்கு, அந்த வெயிலில் அந்தக் கூலிக்கு வர ஆள் கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸ்காரர்கள் போன் போட்டுப் புகார் சொன்னதில் அவர் தூங்கவில்லை என்று வேணு சொன்னான்.

அவர் காரில் வந்து இறங்கினார். போய்வந்த ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். சத்தம் போடவில்லை. செய்தது தப்பு, இனிமேல் இப்படி நடக்காது என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். செல்லக்கிளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை. அவர் மேரியைப் பார்த்தார்.

"எத தப்புன்னு சொல்லணும்ங்க?" என்றாள் மேரி. "சொல்லாம போவல. பத்து நாளைக்கு முன்னாடியே சொன்னேன். ரெண்டு நாள் கூலி வேணாம்னும் சொன்னேன். தண்ணியில நின்னத தப்புன்னு சொல்லணும்னா, அத மட்டும் என்னால சொல்ல முடியாதுங்க."

"அப்ப வேலை வேணாமா?"

"வேலை வேணும். அடுத்த ஆடிக்கும் போவணும். ரெண்டும் வேணும்."

அவர் வேணுவைப் பார்த்தார். வேணு தன் செருப்பைப் பார்த்தான். முனவராவின் முறை வந்தது. அவள் எல்லாவற்றையும் அருவியிலேயே சொல்லி முடித்துவிட்டதாகவும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் அமைதியாகச் சொன்னாள். மேரி வாயைத் துண்டால் மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு பேரும் அன்றைக்கே வெளியே போனார்கள்.

காடாம்புலியூரில் முந்திரி உடைக்கிற வேலை கிடைத்தது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் தோல் கறுத்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்க வேண்டும். முதல் வாரம் மேரிக்குச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. பவுல்ராஜ் பிசைந்து கொடுத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கை இப்படி ஆகியிருக்காதே என்று அவன் அப்போது சொன்னான், கோபமாக இல்லை, கெஞ்சலாக.

"நீ கூட்டிகினு போனப்ப கயித்துக்கு இந்தாண்ட நின்னு பாத்துட்டு வந்தேன்" என்றாள் மேரி. "இப்ப அந்தாண்ட போயி நின்னுட்டேன். தப்புன்னு சொன்னா திரும்ப இந்தாண்ட வந்த மாதிரி."

சில நாள் கழித்து, சுரங்கத்தில் பவுல்ராஜ் தன் ஷிப்ட் ஆட்களிடம் பெண்டாட்டியின் குற்றாலப் பயணத்தைப் பெருமையாக அளந்துவிடுவதாக மேரிக்குச் செய்தி வந்தது. அவன் சொல்லும் கதையில் காண்ட்ராக்டர் காரை விட்டு இறங்கவே பயந்தாராம்.

புரட்டாசியில் ஒருநாள் வேணு மோட்டார் சைக்கிளில் முந்திரிக் கொட்டகைக்கு வந்தான். நான்கு பேரை வைத்து ஆறு பேர் வேலையை இழுக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம், என்னிடம் தனியாகச் சொன்னதாக நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயே திறக்க வேண்டாம், நாளைக்கே வந்துவிடுங்கள் என்றான். அவன் நல்லதுக்குத்தான் வந்திருந்தான். வழியில் முனவராவுக்கும் மேரிக்கும் சேர்த்து வடைகூட வாங்கி வந்திருந்தான்.

மேரி வடையை வாங்கிக்கொண்டாள். "நான் சொல்லாதத நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத வேணு. வேற என்ன வேணா சொல்லிக்க."

"எதுக்குக்கா இந்த வீம்பு?"

"வீம்புதான். வடை ஆறுது, நீயும் ஒண்ணு எடுத்துக்க."

அவன் எடுத்துக்கொள்ளாமல் போனான். முனவரா அவன் பங்கையும் சாப்பிட்டாள்.

பங்குனியோடு அந்தக் காண்ட்ராக்டரின் ஒப்பந்தக் காலம் முடிந்தது. புதிதாக வந்தவர் முதல் நாள் பிளாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நான்கு பேர் என்று வேணு சொல்ல வாயெடுப்பதற்குள், தனகோடி முன்னால் வந்தாள். அவள் மகனுக்கு அந்தப் பழைய காண்ட்ராக்டர் கடைசிவரை வேலை கொடுக்கவில்லை. இந்த பிளாக்குக்கு ஆறு பேர், இரண்டு பேர் வெளியே நிற்கிறார்கள், அவர்கள் வரும்வரை நாங்கள் நான்கு தெரு மட்டும்தான் கூட்டுவோம், மற்ற தெருவை நீங்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளுங்கள் என்றாள். செல்லக்கிளி விளக்குமாற்றைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அக்கா தங்கச்சியும் வந்து நின்றார்கள். புதியவர் வியாபாரி. எது சுலபம் என்று பார்த்தார்.

சித்திரையில் மேரியும் முனவராவும் திரும்பி வந்தார்கள். மேரியின் விரல்களில் தோல் இன்னும் சரியாகக் கட்டவில்லை. விளக்குமாற்றுக் காம்பில் துணி சுற்றிக்கொண்டு கூட்டினாள். முதல் நாளே புதிய காண்ட்ராக்டரிடம் போய் நின்றாள். ஆடி இரண்டாம் வாரம் இரண்டு நாள் ஆறு பேரும் வரமாட்டோம், அப்புறம் சொல்லவில்லை என்று பேசக்கூடாது என்பதற்காக இப்போதே சொல்கிறேன் என்றாள். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே சிரித்துத் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, போ என்று ஆட்டினாரா என்பது தெரியவில்லை. மேரி அதைத் தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஃபெலிக்ஸிடம் வேனுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

தனகோடி தன் பெயரை முதலில் சேர்க்கச் சொன்னாள். "சொம்ப எடுத்தாறணுமா?" என்று செல்லக்கிளியைக் கேட்டாள். செல்லக்கிளி அன்றைக்கு அவள் தெருவிலும் பாதியைக் கூட்டிக் கொடுத்தாள்.

வைகாசி முழுக்கக் காண்ட்ராக்டரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. வேணுவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வந்தான், எண்ணினான், போனான். பவுல்ராஜ் மறுபடி பயப்பட ஆரம்பித்தான். முந்திரிக் கொட்டகையில் இடம் இருக்கிறதா என்று விசாரித்து வைப்போமா என்றுகூடக் கேட்டான். வேண்டுமானால் விசாரித்து வைத்துக்கொள் என்றாள் மேரி.

ஆனி பிறந்து பத்து நாள் போயிருக்கும். காலையில் வேலைக்கு நடந்து வரும்போது அவள் போனில் வேணுவின் மெசேஜ் வந்தது. வாகை மரத்தடியில் நின்று, மற்ற ஐந்து பேரும் கேட்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மேரிக்கா, தென்காசில சாரல் ஆரம்பிச்சிடுச்சாம். புது காண்ட்ராக்டர் ஒத்துக்கிட்டார். பக்கத்து பிளாக்ல இருந்து ரெண்டு நாளைக்கு ஆள் மாத்திக்கச் சொல்லிட்டார். நீங்க எந்த ரெண்டு நாள்னு சரியா சொன்னா நான் இப்பவே ஏற்பாடு பண்ணிடுவேன். எல விழுறத நான் பாத்துக்கறேன். இன்னொண்ணு. எங்க வூட்ல போன வருஷத்துல இருந்து நச்சரிச்சிகினு இருக்கா, நீங்க போனதக் கேட்டதுல இருந்து. தனியா போக முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. வேன்ல ஒரு எடம் இருந்தா அவளயும் சேத்துக்கங்க."